பாட்டி காலுக்கு ஒரு கல்



போன ஐப்பசி மழையில நம்ம கோயில் கேட்டிலிருந்து நாகர் சந்நிதிக்குப் போற மண் பாதையில ஒரு பாட்டி வழுக்கி விழுந்தாங்க. அந்தக் காலத்துல தோட்டத்துல பால்மரம் வெட்டினவங்க. எலும்பு ஒண்ணும் முறியலை. ஆனா அதுக்கப்புறம் வெள்ளிக்கிழமை அவங்க வர்றதை நிறுத்திட்டாங்க. செருப்பைக் கழட்டிட்டு நடக்கிற இடத்தை நாம ஒழுங்கா வச்சிக்கலையேன்னு எங்களுக்கு ரொம்ப உறுத்தலா போச்சு.

கல் வாங்க சிரம்பான் போனா, புக்கிட் தங்கா வளைவெல்லாம் ஏறி வர்ற லோரி வாடகையை உண்டியல் தாங்காது. கோலா கிளாவாங்கிலேயே சிமெண்டு வாங்கி நாங்களே ஊத்திரலாம்னு முடிவு பண்ணோம்.

முதல் தடவை தோத்துட்டோம். ஒரு பங்கு சிமெண்டு, ரெண்டு பங்கு மணல், மூணு பங்கு சல்லி. கணக்கு சரிதான். கலக்க லேசா இருக்கட்டும்னு தண்ணியை வாளி வாளியா ஊத்தினதுதான் தப்பு. 50 கிலோ மூட்டைக்கு ஏறக்குறைய 25 லிட்டர் போதும். மணல் ஈரமா இருந்தா இன்னும் குறைக்கணும். மிச்சத் தண்ணி ஆவியாகிப் போறப்போ கல்லுக்குள்ள பொடிப் பொடியா துளை விட்டுட்டுப் போயிரும். போதாக்குறைக்கு, நல்லா காயட்டும்னு வெயில்ல வேற வச்சோம். எட்டுக் கல்லுல அஞ்சு நடுவுல விரிஞ்சிருச்சு.

கட்டட வேலை பார்த்த ஒரு மாமாதான் விளக்கினாரு. சிமெண்டு காய்ஞ்சு இறுகறதில்லையாம், தண்ணியோட சேர்ந்துதான் இறுகுமாம். ரெண்டாவது தடவை பிளாஸ்டிக் பேசினுக்கு உள்ள பழைய சமையல் எண்ணெய் தடவி, ரெண்டு அங்குல கனத்துக்கு ஊத்தினோம். மேல்பக்கம் பளபளன்னு தேய்க்காம துடைப்பத்தால கோடு இழுத்தோம், நனைஞ்ச காலுக்குப் பிடிப்பு வேணுமே. அப்புறம் நிழல்ல ஏழு நாள் ஈரக் கோணிச் சாக்கு. முழு பலம் வர 28 நாள் ஆகும்னு மாமா சொன்னதால அதுவரைக்கும் யாரையும் ஏற விடலை.

நடுவுல ஒரு வாக்குவாதம். கல்லுல 'ஓம்' எழுதலாம்னு பிள்ளைங்க சொன்னாங்க. கால் படற இடத்துல எப்படி எழுதறது? சிமெண்டு வாங்கிக் கொடுத்த ஐயா ஒருத்தர் மறைஞ்ச அவங்க அம்மா பேரைப் போடச் சொன்னாரு. அதுக்கும் முடியாதுன்னுட்டோம். அம்மா பேரை எல்லாரும் மிதிச்சா பரவாயில்லையான்னு கேட்டதும் முகம் சுருங்கிப் போச்சு. இன்னும் கொஞ்சம் கோவம்தான். ஆனா தினம் சாயந்திரம் சாக்குக்குத் தண்ணி தெளிச்சது அவர்தான்.

இடைவெளியை முதல்ல எங்க நடைக்கு வச்சுப் பார்த்தோம். அப்படிப் போட்டா பாட்டி தாண்டித்தான் குதிக்கணும்! அவங்க வீட்டுக்கே போய் வாசல்ல நடக்கச் சொல்லி அளந்தோம். ஒரு முழம்கூட வரலை. அந்த அளவுக்கே மண்ணைத் தோண்டி, மணல் பரப்பி, கால் விரல் இடிக்காதபடி தரைமட்டத்துக்குப் பதிச்சோம்.

போன வெள்ளிக்கிழமை பாட்டி வந்தாங்க, பேரன் கையைப் பிடிச்சிக்கிட்டு. மூணாவது கல்லுல நின்னு ஒரு அழுத்து அழுத்திப் பார்த்துட்டு, "இது ஆடுதுடா"ன்னாங்க.

ஞாயிறு காலை 8 மணிக்கு அந்தக் கல்லைத் தூக்கி மறுபடியும் மணல் போடறோம். இன்னும் ஆறு கல் ஊத்த வேண்டியிருக்கு. வர்றவங்க ரப்பர் கையுறை கொண்டு வாங்க, ஈர சிமெண்டு தோலை அரிச்சிரும். பசியாற ஏற்பாடு பண்ணியிருக்கோம்.