சொல்லுக்கு என்ன சோலி?

பாட்டா வீட்டுக்கு வரும்போது மண்ணெண்ணெய் வாசம்தான் முதலில் வரும், ஆள் பிறகுதான் வருவார். ஒழுகினசேரியில் பழையாற்றங்கரைக் காற்று ஈரமண்ணையும் வாழைச்சருகையும் கலந்து கொண்டுவருகிற அந்தி நேரத்தில், நடுவே மெல்லிசாக அந்த வாசம் நுழைந்தால் போதும், பாட்டி எழுந்துபோய்க் கருப்பட்டிக் காப்பிக்கு வெள்ளம் வைத்துவிடுவாள். கோட்டாறு கம்போளத்துப் பக்கம் ஓர் அச்சகத்தில் பாட்டாவுக்கு எழுத்துக் கோக்கிற வேலை. கம்போசிட்டர் என்றுதான் தெருவில் சொல்வார்கள். பகல் முழுக்க ஈய எழுத்து பொறுக்கிய விரல்களை அங்கேயே மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, வீட்டுக்கு வந்து கிணற்றடியில் சாம்பல் வைத்து இன்னொரு தடவை தேய்த்தாலும், வலது பெருவிரல் நகத்தோரத்தில் ஒரு கறுப்புக் கோடு மட்டும் மிச்சமிருக்கும். அந்த நகத்தைப் பாடப்புத்தகத்தின் வரிமேல் ஓட்டித்தான் எனக்கு அவர் இங்கிலீஷ் சொல்லித்தந்தார்.

அவர் இங்கிலீஷ் பேசி நான் கேட்டதில்லை. அஞ்சாம் கிளாசோடு படிப்பு நின்றுபோன மனிதர். ஆனால் இங்கிலீஷ் சொல் ஒவ்வொன்றும் அவருக்கு எழுத்து எழுத்தாகத் தெரியும், எடையோடு தெரியும். சனிக்கிழமை மத்தியானம் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோகிற சாக்கில் நான் அச்சகத்துக்குள் போய் நின்றுகொள்வேன். கம்போளத்தில் வத்தல்மிளகும் புகையிலையும் சாக்குத்தூசியும் சேர்ந்து மூக்கைப் பிடிக்கும். உள்ளே கால் வைத்தால் மையும் மண்ணெண்ணெயும் புதுத்தாளும். ஒரு மூலையில் டிரெடில் மெஷின் தடக் தடக்கென்று தாளை விழுங்கித் துப்பிக்கொண்டிருக்க, சன்னலோரத்தில் சாய்த்துவைத்த பெட்டிகளின் முன்னால் பாட்டா நிற்பார். மேல்பெட்டியில் பெரிய எழுத்து, கீழ்ப்பெட்டியில் சின்ன எழுத்து. இங்கிலீஷில் இன்றைக்கும் அப்பர் கேஸ், லோயர் கேஸ் என்று சொல்கிறோமே, அது அந்தப் பெட்டிகளின் பெயர்தான். அதிகம் செலவாகும் 'இ'க்கு நடுவில் பெரிய அறை. இடது கையில் எழுத்து கோக்கிற ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு, பெட்டியைப் பார்க்காமலே வலது கை கோழி கொத்துவதுபோல எழுத்தைக் கொத்தி எடுக்கும். ஸ்டிக்கில் வரி தலைகீழாகத்தான் நிற்கும். அதை அப்படியே வாசிப்பார். 'பி'யும் 'டி'யும் 'கியூ'வும் அங்கே ஒன்றைப்போல ஒன்று நிற்பதைப் பார்த்து எனக்குத் தலை சுற்றும்.

நாகர்கோவிலுக்கு அச்சு புதிதில்லை. 1818-ல் மீட் பாதிரியார் வந்த சில வருஷங்களிலேயே இங்கே அச்சுக்கூடம் வைத்துவிட்டார்கள். பாட்டா வேலை செய்த அச்சகம் அத்தனை பழையதில்லை. கல்யாணக் கடிதாசி, கோயில் கொடை நோட்டீஸ், சர்ச் அசன நோட்டீஸ், ரசீதுப் புத்தகம், பரீட்சை வினாத்தாள் என்று ஊருக்கு வேண்டியதையெல்லாம் அடித்துக்கொடுத்தது. பாதி தமிழ், பாதி இங்கிலீஷ்.

எனக்கு அப்போது வகுப்பில் டிக்டேஷன் என்றால் வயிற்றைக் கலக்கும். சார் பத்துச் சொல் சொல்வார், நாங்கள் எழுத வேண்டும். ஒருநாள் 'லூஸ்' என்றார். நான் ஒற்றை 'ஓ' போட்டேன். தொலைப்பது. அடுத்த சொல்லும் 'லூஸ்' என்றே காதில் விழுந்தது. முந்தியதைத்தான் திரும்பச் சொல்கிறார் என்று பேனாவை மூடிவைத்துக்கொண்டேன். இரண்டாவது லூஸ், தொளதொளவென்று இருப்பது, இரட்டை 'ஓ' உள்ளது. இங்கிலீஷ்காரர் நாக்கில் தொலைப்பதன் கடைசிச் சத்தம் வண்டு முரல்வதுபோல அதிரும், தொளதொளப்பதன் கடைசிச் சத்தம் பாம்பு சீறுவதுபோலக் காற்றாகப் போகும். நம் நாக்குக்கு அந்த வண்டு பழக்கமில்லை. இரண்டையும் பாம்பாகவே சொல்கிறோம், பாம்பாகவே கேட்கிறோம். இது தெரிய எனக்கு இன்னும் பத்து வருஷம் ஆயிற்று. அன்றைக்குத் தெரிந்தது, பத்துக்கு நாலு வாங்கிய நோட்டை எப்படி வீட்டில் காட்டுவது என்கிற கவலை மட்டும்தான்.

அதே மாதத்தில் காய்ச்சல் வந்து, லீவு லெட்டர் எழுதினேன். ஓய்வெடுக்கும்படி டாக்டர் அறிவுரை சொன்னார் என்கிற வரி. அறிவுரைக்கு 'சி' வரும் என்று பாடத்தில் படித்திருந்ததால் அழகாக 'சி' போட்டு, அதன் பின்னால் 'இ டி' சேர்த்து எழுதியிருந்தேன். சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திரும்பி வந்தது. அட்வைஸ் என்றுதானே புத்தகத்திலும் இருக்கிறது, அதே அட்வைஸ்தானே இது என்று படிப்புரையில் உட்கார்ந்து அழுதேன். பாட்டி வேகவைத்த மரச்சீனியும் காந்தாரிமிளகுத் துவையலும் தட்டில் ஆறிக்கொண்டிருந்தன.

பாட்டா துண்டால் முகம் துடைத்தபடி வந்து லெட்டரை வாங்கினார். கறுப்புக்கோட்டு நகம் வரிமேல் ஊர்ந்து வந்து அந்த வட்டத்தில் நின்றது.

"மக்ளே, இந்தச் சொல்லுக்கு இஞ்ச என்ன சோலி?"

எனக்கு விளங்கவில்லை. சொல்லுக்குச் சோலி உண்டா?

"பின்ன இல்லாமலா? நீ பாடுக. பாடுனா வருகது என்ன? பாட்டு. பாடு வேற, பாட்டு வேற இல்லியா. ஒண்ணு செய்யுக சோலி, மத்தது அந்தச் சோலியில கெடைச்ச சாமான். ஓடு, ஓட்டம். நட, நடை. டாக்டர் கையில வச்சிருக்க புத்திமதி சாமான், அதுக்குச் 'சி'. அவரு அத எடுத்துச் சொன்னாருல்லா, அது சோலி, அதுக்கு 'எஸ்'. நீ சாமானப் பிடிச்சு சோலி செய்ய விட்டுருக்க."

பயிற்சிக்குச் சொல்லும் பிராக்டிஸும் அப்படியே, வண்டி ஓட்டுகிற லைசென்ஸும் அப்படியே என்று அடுத்தடுத்துச் சொல்லிக்கொண்டு போனார். பெயருக்குச் 'சி', வினைக்கு 'எஸ்'. அமெரிக்காக்காரர்கள் பிராக்டிஸுக்கு இரண்டு இடத்திலும் 'சி', லைசென்ஸுக்கு இரண்டு இடத்திலும் 'எஸ்' போடுவார்கள் என்று பின்னால் நான் படித்துவிட்டு வந்து சொன்னபோது பாட்டாவுக்கு அது பிடிக்கவே இல்லை. "அப்பம் சோலியும் சாமானும் ஒண்ணாப் போச்சே" என்று ரொம்ப நேரம் வருத்தப்பட்டார்.

அன்றைக்குப் பிடித்தது எனக்கு இந்தக் கிறுக்கு. ஒரே சத்தத்தில் வருகிற சொற்களைக் கண்டால் நின்று சோலி கேட்பது. யோசித்தால், எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது கஷ்டமாகவே இருந்திருக்கக் கூடாது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு வந்த சித்தி, முதல் நாள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, "வெள்ளம் வேணுமா?" என்று பாட்டி கேட்டதும் மிரண்டு வாசலைப் பார்த்தாள். அவள் ஊரில் வெள்ளம் என்றால் ஆறு கரைபுரண்டு வருவது. எங்களுக்கு ஒரு செம்புத் தண்ணீர். மலையாளமும் தமிழும் ஒரே படிப்புரையில் உட்கார்ந்து பேசுகிற மண்ணில் வளர்ந்தவர்களுக்கு, ஒரு சத்தம் இரண்டு வீட்டில் குடியிருக்கும் என்பது பால்குடியிலேயே தெரியும். அரை, அறை என்று பாட்டா சொன்னால் 'ர'வும் 'ற'வும் தனித்தனியாக நாக்கில் விழும். தமிழில் கேட்கத் தெரிந்த காதை இங்கிலீஷ் பாடத்துக்குப் போகும்போது நாங்கள் வீட்டிலேயே கழற்றிவைத்துவிட்டுப் போனோம் என்று தோன்றுகிறது.

மார்கழியில் சுசீந்திரம் தேரோட்டத்துக்குப் பாட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். பொரிகடலை வாசம், மிதிபட்ட பூ வாசம், வேர்வை, மேளம், தெப்பக்குளத்துப் படியில் ஈரத்துணி. பிள்ளையாருக்கு, சுவாமிக்கு, அம்மனுக்கு என்று மூன்று தேர். வடத்தை ஒரு நிமிஷம் தொட்டுவிட்டு, கூட்டத்திலிருந்து ஒதுங்கி நின்றபோது பாட்டா கேட்டார்: "இங்கிலீசுலயும் மூணு தேரு உண்டும் பாத்தியா?"

உண்டு. அங்கே என்பதும் தேர், அவர்களுடைய என்பதும் தேர், அவர்கள் இருக்கிறார்கள் என்பதைச் சுருக்கினால் அதுவும் தேர். நெரிசலுக்கு நடுவில், என் உள்ளங்கையில் நகத்தால் எழுதிக்காட்டினார். அங்கே என்கிற தேருக்குள்ளே 'ஹியர்' இருக்கிறது, இங்கே. அது இடம் சொல்கிற தேர். அவர்களுடைய என்கிற தேருக்குள்ளே 'எயர்' இருக்கிறது, வாரிசு. அது சொத்து சொல்கிற தேர். மூன்றாவது தேர் இரண்டு சொல்லை இழுத்துக் கட்டியது. நடுவே மேலே தொங்குகிற அந்தச் சின்னக் குறிதான் வடம். வடத்தை அவிழ்த்துப் பார், இரண்டு சொல்லாகப் பிரிந்து அர்த்தம் வந்தால் அது சரியான தேர்.

வாரிசு என்றதும் பேச்சு வேறு பக்கம் போனது. நாஞ்சில் நாட்டில் ஒருகாலத்தில் அந்த ஒரு சொல்தான் எத்தனை வீட்டை அழவைத்தது என்றார். வேளாளர் வீடுகளில் மருமக்கள்வழி; சொத்து மகனுக்கு இல்லை, சகோதரி மகனுக்கு. தேரூரில் பிறந்த கவிமணி அதைப் பற்றி ஒரு மான்மியமே பாடினார். 1926-ல் சட்டம் வந்துதான் அது மாறியது. "யாருடையதுண்ணு சொல்லுக சொல்லுல ஒரு எழுத்து தப்பினா, அது சின்னத் தப்பு இல்ல மக்ளே" என்று பாட்டா சொன்னபோது அவர் குரல் மாறியிருந்தது. யாரை நினைத்துச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

'இட்ஸ்' மட்டும் எங்கள் இரண்டு பேரையும் படாதபாடு படுத்தியது. பெயர்ச்சொல்லின் உடைமைக்கெல்லாம் வடம் போடுகிற இங்கிலீஷ், அதனுடைய என்பதற்கு ஏன் போடுவதில்லை? பாட்டாவிடம் பதில் இல்லை. அவிழ்த்துப் பார் என்கிற சோதனை மட்டும் இருந்தது. அந்தச் சொல்லே இங்கிலீஷில் இளசு என்று வெகுநாள் கழித்துப் படித்தேன். 1611-ல் ஜேம்ஸ் அரசர் காலத்தில் அச்சான பைபிளில் அது ஓரிடத்திலும் இல்லை. அதற்குப் பிறகும் நெடுங்காலம் அவர்களே வடம் போட்டும் போடாமலும் எழுதித்தான் ஒரு வழிக்கு வந்திருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டபோது, எட்டாம் வகுப்பில் அதற்காக நான் வாங்கிய அடியெல்லாம் ஒரே நாளில் ஆறிப்போன மாதிரி இருந்தது.

மற்றதெல்லாம் பாட்டாவுக்கு அச்சகத்திலேயே கிடைத்த வழிகள். கல்லூரி முதல்வரும் கொள்கையும் பிரின்சிபல்தான். கடைசியில் 'ஏ எல்' வந்தால் ஆள். வட்டிக்கு விட்ட முதலுக்கும் அதே 'ஏ எல்'. இரண்டும் லத்தீனில் முதல் என்கிற ஒரே வேரிலிருந்து வந்தவையாம். நமக்கும் முதல்வர், முதல் என்று அதே வேர் அதே இடத்தில் இருக்கிறது. நின்ற இடத்தில் நிற்பதும் ஸ்டேஷனரி, தாளும் மையும் விற்பதும் ஸ்டேஷனரி. பேப்பரில் 'இ ஆர்' இருப்பதால் பேப்பர் கடைக்கும் 'இ ஆர்'. அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் சரக்கைச் சுமந்து விற்றவர்களுக்கு நடுவே, பல்கலைக்கழக வாசலில் கடை போட்டு நின்ற இடத்திலேயே விற்றவர்கள் புத்தகக்காரர்கள். அதனால்தான் அந்தப் பெயர். கோட்டாற்றில் தலைச்சுமைக்காரர்களையும் பலகைக் கடைக்காரர்களையும் பார்த்து வளர்ந்த எனக்கு, அதைப் படித்ததும் கம்போளத்துத் தூசியே மூக்கில் ஏறிவிட்டது.

கல்யாணக் கடிதாசியின் அடியில் சுற்றமும் நட்பும் சொல்கிற வாழ்த்து, காம்ப்ளிமென்ட். அதில் 'இ'யா 'ஐ'யா என்று அச்சடிக்கக் கொடுக்கிறவர்களே குழம்புவார்கள். 'ஐ' என்றால் நான். நான் உனக்குச் சொல்வது வாழ்த்து, அதனால் 'ஐ' என்பது பாட்டா கணக்கு. 'இ' போட்டால் குறையை நிரப்புவது. எத்தனையோ கல்யாணங்களை அந்த ஓர் எழுத்தில் சரிசெய்து அனுப்பியிருக்கிறார்.

நான் காலேஜுக்குப் போன காலத்தில் ஆஃப்செட் வந்து அச்சகத்தில் எழுத்துப்பெட்டிகளை எடைக்குப் போட்டுவிட்டார்கள். பாட்டா அதற்கு முன்பே வேலையை விட்டிருந்தார். கண்ணும் மங்கிவிட்டது. என் கட்டுரை வந்திருந்த ஆண்டு மலரைக் கொண்டுபோய் மடியில் வைத்தேன். மட்டிப்பழம் உரித்துக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துவிட்டு, முதலில் வாசிக்கவில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைத் தடவினார். ஈய எழுத்து அழுத்திய தடம் பின்னால் தட்டுப்படும், அதைத் தேடினார். வழவழவென்று இருந்தது.

"எழுத்து தாளுல எறங்கல்லியே மக்ளே" என்றார்.

பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெளுத்துப்போன அந்த நகத்தை என் கட்டுரைமேல் வரிவரியாக ஓட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. கடைசிப் பக்கங்களுக்குப் போனார். கடைகளின் விளம்பரங்கள், எல்லாவற்றுக்கும் மேலே வாழ்த்துகளுடன் என்று பெரிய எழுத்தில் இங்கிலீஷ். நகம் அங்கே நின்றது. 'இ'.

"பைய அந்தப் பேனாவ எடு."

கை நடுங்கியது. ஆனாலும் அந்த 'இ'யின் மேல் நேராக ஒரு கோடு விழுந்தது. ஓரத்தில் ஓர் 'ஐ' எழுதி, பக்கத்தில் சாய்வாக இன்னொரு கோடு. புரூஃப் திருத்துகிறவர்கள் போடுகிற அதே கோடு. பேனாவை மூடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொன்னார்.