ஐஸ் மேல எட்டு போடலாம், வாங்க!

டூ வீலர் லைசென்ஸுக்காக ஆர்.டி.ஓ. ஆபீஸ் கிரவுண்டில் எட்டு போட்டிருப்பீங்க. காலைக் கீழே ஊன்றாமல், இன்ஸ்பெக்டர் முகத்தைப் பார்க்காமல், மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஒரு ரவுண்டு. அதே எட்டை ஒத்தைக் காலில், ஏறக்குறைய நாலு மில்லிமீட்டர் அகலமே உள்ள ஒரு இரும்புப் பட்டை மேல் நின்று, வழுக்கும் பனிக்கட்டியில் போடச் சொன்னா எப்படி இருக்கும்? அதுதான் பாஸ் ஃபிகர் ஸ்கேட்டிங்!

'ஃபிகர்' என்றதும் உங்க காலேஜ் டிக்‌ஷனரியைப் புரட்டாதீங்க. பனியில் காலால் வரைகிற வடிவங்களுக்குத்தான் அந்தப் பேர். வட்டம், எட்டு, எட்டுக்குள்ளே இன்னொரு குட்டி வளையம் என்று வீரர்கள் வரைந்து காட்டணும். நடுவர்கள் குனிந்து நின்று அந்தக் கோட்டைப் பார்த்து மார்க் போடுவாங்க. 1990-க்குப் பிறகு உலகப் போட்டிகளில் இருந்து அந்த ரவுண்டையே தூக்கிட்டாங்க. அதனாலதான் ஒலிம்பிக்ஸ் சமயத்தில் டி.வி.யில் தாவலும் சுழலும் மட்டும் தெரியுது. ஆனா, இருபது வயசுக்கு மேல ஆரம்பிக்கிற நம்மளை மாதிரி ஆளுங்களுக்கு இன்னிக்கும் அந்த வட்டமும் எட்டும்தான் பாலபாடம்.

'நம்ம ஊர்ல ஐஸ்னா ஜிகர்தண்டா கடையில்தானே இருக்கு, இதுல எங்கே ஸ்கேட்டிங்?' என்கிறீங்களா? டிசம்பர் லீவுக்கு மறுபடியும் ஊட்டி, கொடைக்கானல் என்று பிளான் போடறதை இந்த ஒரு வருஷம் நிறுத்திட்டு, சிம்லாவுக்கு டிக்கெட் போடுங்க. ரிட்ஜ் மைதானத்தில் இருந்து லக்கட் பஜார் பக்கம் இறங்கினா, மரப் பொம்மைக் கடைகளைத் தாண்டி, மலையின் நிழலில் ஒரு மைதானம் பதுங்கிக் கிடக்கும். சுத்தி தேவதாரு மரங்கள். அதுதான் சிம்லா ஐஸ் ஸ்கேட்டிங் ரிங்க். 1920-ல் இருந்து இருக்கு. நூறு வருஷத்தைத் தாண்டின தாத்தா!

மற்ற ரிங்க்குகளுக்கும் இதுக்கும் ஒரே ஒரு வித்தியாசம், ஆனா பெரிய வித்தியாசம். மால்களில் இருக்கிற ரிங்க்குகளில் தரைக்கு அடியில் குழாய் ஓடும், கம்ப்ரசர் ஓடும், கரன்ட் பில் எகிறும். இங்கே அந்தக் கதையே கிடையாது. ராத்திரியில் ஆட்கள் தரை மேல தண்ணீர் தெளிப்பாங்க. வானம் பார்த்து உறைய வைக்கும். அவ்வளவுதான் டெக்னாலஜி!

இது எப்படித் தோணுச்சுன்னு சிம்லாவில் ஒரு கதை சொல்றாங்க. பிளெஸ்ஸிங்டன் என்கிற ஐரிஷ்காரர் ஒரு குளிர்காலக் காலையில் இங்கே இருந்த டென்னிஸ் கோர்ட்டில் தண்ணீர் உறைஞ்சு கிடக்கிறதைப் பார்த்தாராம். 'அட, இதையே வேணும்னு செஞ்சா என்ன?' என்று ஆரம்பிச்சதாம். நியூட்டன் தலையில் ஆப்பிள் விழுந்த மாதிரியான கதைதான். ஆனா, டென்னிஸ் கோர்ட்டைப் பார்த்து ஸ்கேட்டிங் ஞாபகம் வர்ற ஆளு நிச்சயம் வீட்டை நினைச்சு ஏங்கினவராத்தான் இருந்திருப்பார்.

இங்கே ஒரு வேடிக்கை. டூரிஸ்ட் எல்லாரும் 'ஸ்நோ எப்போ விழும், ஸ்நோ எப்போ விழும்'னு வானத்தையே பார்த்துக்கிட்டு நிற்பாங்க. ரிங்க்கில் பழகுறவங்களோ 'விழுந்துடாதே தாயே'ன்னு வேண்டிக்குவாங்க! காரணம் இருக்கு. மேகம் ஒரு கம்பளி மாதிரி. ராத்திரியில் மேகம் மூடினா, தரையின் சூடு மேலே தப்பிச்சுப் போக முடியாது. தெளிஞ்ச வானமா இருந்தாத்தான் சூடெல்லாம் கிளம்பிப் போய், தெளிச்ச தண்ணீர் கண்ணாடி மாதிரி இறுகும். பனிப்பொழிவு வந்தாலோ, அது ஐஸ் மேல பஞ்சு மெத்தை மாதிரி உட்கார்ந்துக்கும். அதை வழிச்சு எடுக்கிற வரை செஷன் கேன்சல். ஆக, நட்சத்திரம் நல்லாத் தெரியுற ராத்திரிதான் ஸ்கேட்டருக்கு நல்ல ராத்திரி. அடுத்த நாள் காலையில் ஒரு செஷன், வெயில் ஏறுறதுக்குள்ள முடிஞ்சாகணும். அப்புறம் சாயங்காலம் இன்னொண்ணு. நடுப்பகலில் ரிங்க் ரெஸ்ட் எடுக்கும், நீங்க மால் ரோடில் சுத்தலாம்.

சரி, உள்ளே போவோமா?

ஷூ வாடகைக்குக் கிடைக்கும். நம்ம ஊர் வாடகை சைக்கிள் மாதிரியேதான். செயின் கழண்டது, பெல் இல்லாதது என்று ஒவ்வொண்ணுக்கும் ஒரு குணம் இருக்கும். முன்னால் ரம்பம் மாதிரி பல் வெச்ச பிளேடா என்று பார்த்து வாங்குங்க. அதுக்கு டோ பிக் என்று பேர். பல் இல்லாம வழவழன்னு இருந்தா அது ஹாக்கி ஷூ. குளிருதேன்னு ரெண்டு கம்பளி சாக்ஸ் மாட்டிக்காதீங்க. உள்ளே கால் ஆடும், கணுக்கால் ரெண்டு பக்கமும் மடங்கும். மெல்லிசா ஒரே ஒரு ஜோடி போதும். லேஸைக் கால்விரல் பக்கம் கொஞ்சம் தளர்வா, கணுக்கால் பக்கம் இறுக்கமா கட்டுங்க. காலேஜ் கான்வாஸ் ஷூ மாதிரி ஸ்டைலா தொங்க விட்டா, அப்புறம் நான் பொறுப்பில்லை!

முதல் பத்து நிமிஷம் கைப்பிடிக் கம்பிதான் உங்க குலதெய்வம். பரவாயில்லை, பிடிச்சுக்குங்க. ஆனா அதையே கட்டிக்கிட்டு ஒரு மணி நேரம் சுத்தினா, கம்பியைப் பிடிக்கத்தான் கத்துக்குவீங்க. கைவிட்டு நாலடி வாங்க. முட்டியை மடக்கணும். மடக்கணும்னா, நாற்காலியில் உட்காரப் போய் பாதியில் ஞாபகம் வந்து நின்ன மாதிரி. வளர்ந்த ஆளுங்க எல்லாரும் இங்கேதான் மாட்டிக்குவாங்க. பயத்தில் உடம்பு விறைக்கும், கால் நேரா நிமிரும், இடுப்பு பின்னாடி போகும், கண்ணு ஷூவையே பார்க்கும். தலை குனிஞ்சா எடை முன்னாடி சாயும். அப்புறம் என்ன, தொபுக்கடீர்!

அப்போதான் உங்க இடுப்பு உயரத்துக்குக்கூட வராத ஒரு வாண்டு, சர்ர்ர்னு பின்பக்கமாவே ஓடி வந்து, உங்களைச் சுத்தி ஒரு வளையம் போட்டுட்டுப் போகும். கோபப்படாதீங்க. சிம்லா ஸ்கூல்களுக்குக் கோடையில் இல்லை, குளிர்காலத்தில்தான் பெரிய லீவு. ஐஸ் இருக்கிற மாசமும் லீவு மாசமும் ஒண்ணா வர்றதால, ரிங்க் முழுக்க அவங்க ராஜ்ஜியம்தான். அந்தப் பசங்களுக்கு உங்களைவிடப் பெரிய திறமை ஒண்ணும் இல்லை. அவங்க விழுந்தா தரை பக்கத்திலேயே இருக்கு, உங்களுக்குத் தரை ரொம்ப தூரம்! அந்தத் தூரம்தான் பயம்.

அதனால முதலில் விழக் கத்துக்குங்க. சீரியஸா சொல்றேன். தடுமாறினா கையை நீட்டித் தடுக்கப் பார்க்காதீங்க, மணிக்கட்டுதான் முதல் பலி. முட்டியை மடக்கி, பக்கவாட்டில், தொடையும் இடுப்பும் படுற மாதிரி சரியணும். விழுந்ததும் விரல்களை மூடிக்கணும், பக்கத்தில் வேற பிளேடுகள் போய்க்கிட்டு இருக்கும். எழுந்திருக்கும்போது மண்டி போட்டு, ஒரு பாதத்தை முன்னால் வெச்சு, முட்டி மேல கையை ஊன்றி எழுந்திருங்க. இதை ஹாஸ்டல் ரூமில் பாய் விரிச்சு நாலு தடவை பழகிட்டுப் போனீங்கன்னா, அங்கே மானம் கொஞ்சம் மிஞ்சும்.

அடுத்து நகரணும். நடக்கிற மாதிரி கால்விரலால் உதைக்காதீங்க. அந்த ரம்பப் பல் ஐஸில் குத்தி, மூக்கு வழியா லேண்ட் ஆவீங்க. பாதத்தைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி, பிளேடின் பக்கவாட்டால் தள்ளணும். அப்புறம் எலுமிச்சம்பழம். ரெண்டு காலையும் அகட்டி, திரும்பச் சேர்த்து, மறுபடி அகட்டி... பின்னாடி திரும்பிப் பார்த்தா பனியில் வரிசையா எலுமிச்சம்பழ ஷேப் விழுந்திருக்கும். இங்கிலாந்தில் இதுக்கு 'லெமன்' என்றே பேர் வெச்சிருக்காங்க! ரெண்டாம் நாளிலேயே பெரும்பாலான பேருக்கு இது வந்துடும். இந்த இடத்தில்தான் டூரிஸ்ட்டுக்கும் கத்துக்கிறவருக்கும் பாதை பிரியுது. டூரிஸ்ட் போட்டோ எடுத்துட்டு குஃப்ரிக்குக் கிளம்பிடுவார்.

நீங்க கிளம்பாதீங்க. ஏன்னா, நிஜமான விஷயம் இனிமேதான் இருக்கு. பிளேடைத் தலைகீழாத் திருப்பிப் பாருங்க. அடியில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும். அதாவது ஒரு பிளேடுக்கு ரெண்டு விளிம்பு, உள்விளிம்பு, வெளிவிளிம்பு. ஃபிகர் ஸ்கேட்டிங் என்பதே இந்த விளிம்புகளின் விளையாட்டுதான். வளைவில் பைக் ஓட்டும்போது ஹேண்டிலைத் திருப்புறதைவிட உடம்பைச் சாய்க்கிறீங்களே, அதே கணக்கு. சாய்ஞ்சா வளைவு தானா வரும். உள்விளிம்பு சீக்கிரம் வந்துடும். வெளிவிளிம்பு இருக்கே, அங்கேதான் மனசு ஒத்துழைக்காது. தாங்க எதுவுமே இல்லாத பக்கத்துக்குச் சாயணும். சின்னப் பசங்க யோசிக்காம சாய்ஞ்சிடுவாங்க. நீங்க யோசிப்பீங்க, அரியர்ஸ் பேப்பர் வரைக்கும் யோசிப்பீங்க. ஒரு நாள் அது பிடிபட்டதும், பிளேடு சத்தமே மாறும். கரகரன்னு சுரண்டினது போய், பட்டுத்துணி கிழியுற மாதிரி ஒரு மெல்லிசு சத்தம். ரெண்டு காலுக்கும் ஒவ்வொரு வட்டம் அப்படி வந்துட்டா, அதுதான் எட்டு!

பப்ளிக் செஷனில் கத்துக்கிறதில் ஒரு கஷ்டமும் இருக்கு. கூட்டம் ஒரே திசையில் சுத்தும், உலகத்தில் பெரும்பாலான இடங்களில் அது இடப்பக்கச் சுழற்சி. அதனால் இடது திருப்பம் மட்டும் ஜோரா வரும், வலது திருப்பம் கடைசி பெஞ்ச் ஸ்டூடன்ட் மாதிரி தூங்கும். அதுக்கு மைதானத்தின் நடுப்பகுதிதான் வழி. பழகினவங்க சுழன்று பார்க்கிறதும், கத்துக்குடுக்கிறதும் வழக்கமா நடுவிலேதான். ஓரமா ஓடுற கூட்டத்தைக் கடந்து அங்கே போய் நின்னு, வலது பக்கத்துக்கும் பழகுங்க. யாராவது ஒரு அங்கிள், கேட்காமலேயே 'முட்டி, முட்டி!'ன்னு ஹிந்தியில் கத்தினா, எரிச்சல்படாதீங்க. எந்த ரிங்க்கிலும் அப்படி ஒருத்தர் இருப்பார், பெரும்பாலும் அவர் சொல்றது சரியா இருக்கும்.

'இந்த வயசுல கத்துக்கிட்டு என்ன ஒலிம்பிக்ஸா போகப் போறே?'ன்னு வீட்டில் கேட்பாங்க. போகப் போறதில்லைதான். ஆனா, ஜெர்மனியின் ஓபர்ஸ்டோர்ஃப் ஊரில் 2005-ல் இருந்து பெரியவர்களுக்கு மட்டுமே சர்வதேசப் போட்டி நடக்குது. அங்கே வேலைக்குப் போறவங்களும், ரிட்டயர் ஆனவங்களும் டிரெஸ் போட்டு, மியூஸிக் போட்டு ஆடுறாங்க. ஐந்தில் வளையாததுன்னு பழமொழி சொல்ற தாத்தாவுக்கு அந்த வீடியோவைக் காட்டுங்க.

உங்க வயசைவிட அவசரமான வயசு ஒண்ணு இருக்கு. அந்த ஐஸோடது.

ஒரு காலத்தில் சீஸன் ஆரம்பிச்சா மாசக்கணக்கில் நம்பி இருக்கலாம். இப்போ ராத்திரிகள் முன்ன மாதிரி குளிர்றதில்லை. சிம்லா மலைச்சரிவு முழுக்க கான்க்ரீட் ஏறிடுச்சு, வண்டிகள் பெருகிடுச்சு. குளிர்காலம் லேட்டா வருது, சீக்கிரமே கிளம்பிடுது. நல்லா உறைஞ்சு நாலு நாள் ஓடும், அஞ்சாம் நாள் மேகம் வந்து ஈரத் தரையாக்கிட்டுப் போயிடும். குளிரூட்டும் மெஷின் வெச்சு எல்லா சீஸனுக்குமான ரிங்க்கா மாத்தணும்னு பல வருஷமா பேச்சு இருக்கு. அது நல்லதுதான், கத்துக்கிறவங்களுக்கு வருஷம் முழுக்கப் பயிற்சி கிடைக்கும். டேராடூனில் 2011-ல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காக அப்படி ஒரு பெரிய ரிங்க் கட்டினாங்க. போட்டி முடிஞ்சதும் பல வருஷம் பூட்டியே கிடந்து, 2025-லதான் மறுபடி உயிர் வந்தது. மெஷின் வாங்குறது சுலபம், அதை ஓட்டுறதுதான் கஷ்டம். சிம்லாவில் தண்ணீர் தெளிக்கிற ஆட்களுக்கு எந்த ராத்திரி உறையும், எத்தனை தடவை தெளிக்கணும், எவ்வளவு மெல்லிசா தெளிக்கணும்னு கை சொல்லும். ஒரே மூச்சில் ஊத்தினா மேலே மட்டும் ஓடு மாதிரி உறைஞ்சு, கால் வெச்சதும் நொறுங்கிடும். அடுக்கடுக்காத்தான் ஏத்தணும். இந்த வித்தையை எந்த காலேஜும் சிலபஸில் வைக்கலை. ஐஸே இல்லாம போனா, அந்தக் கைகளுக்கும் வேலை இல்லாம போகும்.

அதனால, போறதா இருந்தா சீக்கிரம் போங்க. சென்னை சென்ட்ரலில் இருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் பிடிச்சு டெல்லி. அங்கிருந்து கால்கா. கால்காவில் இருந்து 1903-ல் போட்ட குட்டி ரயில் பாதை, 96 கிலோமீட்டர், நூறுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள். 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பாதை அது. பஸ்ஸில் போனா சீக்கிரம் போயிடலாம்தான், ஆனா அந்த ரயிலை விட்டா உங்களுக்கு வயசானப்புறம் வருத்தமா இருக்கும்.

ஜனவரி முதல் பாதி பொதுவா நல்ல சமயம். ரெண்டு நாள் போதாது, அஞ்சு நாளாவது தங்குங்க. ஏன்னா அதில் ரெண்டு நாள் மேகத்துக்குப் போயிடும். கிளம்புறதுக்கு முன்னாடி செஷன் நடக்குதான்னு ஊரில் யாரையாவது போன் போட்டுக் கேளுங்க. கையுறை கட்டாயம். முட்டிக்கும் மணிக்கட்டுக்கும் காப்பு இருந்தா எடுத்துக்குங்க, தலைக்கு சைக்கிள் ஹெல்மெட் போட்டாலும் யாரும் சிரிக்க மாட்டாங்க. காலை செஷனுக்கு முதல் ஆளா போய் நில்லுங்க. ராத்திரி உறைஞ்ச ஐஸ் மேல யாரும் இன்னும் கோடு போடாம இருக்கும்.