எல்க் வேட்டைக்கு ஒரு ரைஃபிள்

கொலராடோவில் இருக்கும் என் மாப்பிள்ளைக்கு இந்த வருடம் குலுக்கலில் எல்க் வேட்டை உரிமம் விழுந்தது. நவம்பரில் வரும் மூன்றாவது ரைஃபிள் சீசன், மீக்கர் என்ற ஊருக்குப் பக்கத்து மலை, பெண் எல்க் ஒன்று. மனிதர் பதினொரு வருடமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர். அதுவரை அவர் துப்பாக்கி பிடித்தது திருவிழாவில் பலூன் சுடத்தான். வருடா வருடம் வேட்டைக்குப் போகும் ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேர் அவரையும் இழுத்துவிட்டார்கள்.

எல்க்கைப் பார்க்காதவர்களுக்கு: நம் மலைகளில் இருக்கும் மிளாவை நினைத்துக்கொள்ளுங்கள், அதைவிடப் பெரிய உருவம். ஆண் சாதாரணமாக 300 கிலோவைத் தாண்டும், பெண் 225 கிலோ வரும். அமெரிக்காவிலேயே எல்க் அதிகம் உள்ள மாநிலம் கொலராடோதான். அடி சரியான இடத்தில் படாவிட்டால் அது விழாது. காயத்தோடு மலை தாண்டி ஓடி, எங்கேயோ படுத்து, யாருக்கும் பயன்படாமல் சாகும்.

என் மகளுக்கு இந்த வேட்டையே பிடிக்கவில்லை. ஆனாலும் தடுக்கவில்லை. "கொன்றால் வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பிடணும். காயப்படுத்திவிட்டு வந்தீங்கன்னா அடுத்த வருஷம் இந்தப் பேச்சே வேண்டாம்" என்று ஒரே நிபந்தனை போட்டாள். அதன் பிறகுதான் அவர் என்னிடம் வந்தார். "மாமா, நீங்க ஆர்மியில ஆயுதம் ரிப்பேர் பார்த்தவர். எந்த ரைஃபிள் வாங்கலாம், சொல்லுங்க."

இருபத்து நான்கு வருடம் ஆர்மரராக இருந்தவனிடம் இப்படிக் கேட்டால் சும்மா இருப்பேனா? ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. விசிட்டர் விசாவில் வந்தவன் இந்த நாட்டில் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பது மத்திய சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு, எனக்கு அது இல்லை. ஆகவே கடையிலும் சுடுமைதானத்திலும் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு வாயை மட்டும் பயன்படுத்தினேன். அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை.

நண்பர்கள் அவருக்குச் சிபாரிசு செய்திருந்தது .300 வின்செஸ்டர் மேக்னம். 1963-ல் வந்த தோட்டா, பலசாலி. 180 கிரெய்ன் குண்டை நொடிக்கு 2,900 அடிக்கு மேல் வேகத்தில் தள்ளும். ஒரு கிராம் என்பது ஏறக்குறைய 15 கிரெய்ன், அதை வைத்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். எல்க்குக்கு அது நல்ல தோட்டா என்பதில் சந்தேகமே இல்லை. என் சந்தேகம் சுடுகிறவரைப் பற்றியது. மாப்பிள்ளை ஐந்தடி ஐந்தங்குலம், எடை அறுபது கிலோ.

இந்த விவாதம் அமெரிக்காவில் மிகப் பழையது. ஜாக் ஓ'கானர் என்ற எழுத்தாளர் 1925-ல் வந்த .270 வின்செஸ்டரே எல்க்குக்குத் தாராளம் என்று வாழ்நாள் முழுவதும் எழுதினார். அடி விழும் இடம்தான் முக்கியம் என்பது அவர் கட்சி. ஐடஹோவில் வேட்டை வழிகாட்டியாக இருந்த எல்மர் கீத், பெரிய விட்டமும் கனமும் உள்ள குண்டு இல்லாமல் எல்க்கிடம் போகாதே என்றார். இருவரும் பத்திரிகைகளில் பல ஆண்டுகள் மோதிக்கொண்டார்கள். நான் ஓ'கானர் கட்சி. காட்டைப் பார்த்து வந்த முடிவில்லை இது, ஃபயரிங் ரேஞ்சில் ஆயிரக்கணக்கான ஜவான்களைப் பார்த்து வந்த முடிவு. உதைக்கு மனதில் பயந்தவன் குறி பார்க்கவே மாட்டான்.

கொலராடோ சட்டம் கேட்பது ரொம்பக் குறைவு. .24 அங்குல விட்டம், எல்க்குக்கு 85 கிரெய்ன் எடைக்குக் குறையாத, பட்டதும் விரியும் குண்டு, 100 கஜத்தில் 1,000 அடி-பவுண்டு விசை. அதுவரை இறங்க எனக்கு மனமில்லை. நான் சொன்னது .308 வின்செஸ்டர். 1952-ல் வந்தது. நம் ராணுவம் எஸ்.எல்.ஆர். ரைஃபிளில் போட்ட 7.62 மி.மீ. தோட்டாவுக்குக் கூடப்பிறந்தது மாதிரி. என் பழைய சிநேகிதன் என்பதால் சொன்னதாக மாப்பிள்ளை கேலி செய்தார். இருக்கட்டும். அதன் உதையைவிட மேக்னத்தின் உதை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? நண்பரின் மேக்னத்தையே ரேஞ்சுக்குக் கொண்டுவரச் சொன்னேன். பழைய ராணுவத் தந்திரம் ஒன்று உண்டு. சுடுகிறவருக்குத் தெரியாமல் நிஜத் தோட்டாக்களுக்கு நடுவில் டம்மி ஒன்றைக் கலந்து போட வேண்டும். நண்பர் போட்டுக் கொடுத்தார். மூன்று முறை வெடித்தது. நான்காவது 'கிளிக்'. வெடிக்கவே இல்லை, ஆனால் குழலின் நுனி இரண்டு அங்குலம் கீழே குத்தியது. மாப்பிள்ளையின் கண் இறுக மூடியிருந்தது. யாரும் ஒன்றும் பேசவில்லை. அதே சோதனையை ரேஞ்சில் வாடகைக்குக் கிடைத்த .308-இல் செய்தோம். முதலில் கொஞ்சம் குத்தினார். இருபது தோட்டா ஆனபின் 'கிளிக்' வந்தபோது குழல் அசையவில்லை. தோட்டா விவகாரம் அன்றைக்கே முடிந்தது.

குண்டு விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள் என்றேன். 1946-ல் கனடாவில் மூஸ் வேட்டைக்குப் போன ஜான் நோஸ்லர் என்பவரின் குண்டுகள், சேறு காய்ந்து ஒட்டியிருந்த தோளில் பட்டு உள்ளே இறங்காமல் சிதறிவிட்டன. ஊர் திரும்பியவர் குண்டின் நடுவே ஒரு தடுப்புச் சுவர் வைத்தார். முன்பாதி விரியும், பின்பாதி உடையாமல் உள்ளே போகும். அந்தப் பார்ட்டிஷன் குண்டு இன்றும் விற்கிறது. அதில் 165 கிரெய்ன் எடுத்தோம்.

ரைஃபிள், பின்லாந்தில் செய்த டிக்கா. துரு ஏறாத குழல், மரத்துக்குப் பதில் பாலிமர் கட்டை, எடை மூன்று கிலோ. பத்தாயிரம் அடி உயரத்தில் மூச்சு வாங்க நடக்கிறவருக்கு ஒவ்வொரு நூறு கிராமும் தெரியும். எடை குறைந்தால் உதை கூடும் என்பதும் உண்மை, அதனால் இதற்கும் கீழே போக வேண்டாம் என்றேன். கடைக்காரருக்கு ஆச்சரியம் தந்த விஷயம், ஆகஸ்டு வெயிலில் மாப்பிள்ளையைக் குளிர்கால ஜாக்கெட்டோடு நான் கூட்டிப்போனது. ரைஃபிள் கட்டை தோளில் சரியாக உட்கார்கிறதா என்பதை டி-ஷர்ட்டில் பார்த்து வாங்கினால் பனியில் அரை அங்குலம் நீண்டுபோகும். நம் ஆட்களின் கை நீளத்துக்கு இங்கே விற்கும் கட்டைகள் கொஞ்சம் நீளம்தான்.

ஸ்கோப்பில்தான் பெரிய வாக்குவாதம். அவர் கேட்டது 6 முதல் 24 மடங்கு பெரிதாக்கும் ஒன்று, கிட்டத்தட்ட ஒரு கிலோ. நான் சொன்னது 3-9, முன் கண்ணாடி 40 மி.மீ. ஆஸ்பென் மரங்களுக்குள் முப்பது கஜத்தில் எல்க் எழுந்து நின்றால் பெரிய ஸ்கோப்பில் மயிர் மட்டும்தான் தெரியும், எது தோள் எது தொடை என்று தேடுவதற்குள் போய்விடும். வெளிச்சக் கணக்கும் இருக்கிறது. முன் கண்ணாடியின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 40-ஐ 6-ஆல் வகுத்தால் ஆறரை மி.மீ.க்கு மேல், 50-ஐ 24-ஆல் வகுத்தால் இரண்டு மி.மீ. சூரியன் மறைந்து அரை மணி வரை சுட இங்கே சட்டம் அனுமதிக்கிறது. அந்த அரை மணியில் இந்த வித்தியாசம் பகலுக்கும் இருட்டுக்கும் உள்ளது. ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் நாலு அங்குலம் இடைவெளி இருக்கட்டும் என்றும் சொன்னேன், புருவம் கிழிந்த ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

200 கஜத்தில் ஜீரோயிங் செய்தோம். 300 கஜத்தில் குண்டு சுமார் 8 அங்குலம் இறங்கும். அதற்கு மேல் சுடக்கூடாது என்பது என் உத்தரவு. அக்டோபர் முழுக்கச் சனிக்கிழமைதோறும் மேஜையை விட்டு இறங்கி, உட்கார்ந்தும் முழங்காலிட்டும் சுட்டார். மலையில் மேஜை கிடையாது.

சீசனில் முதல் மூன்று நாள் ஒன்றுமே தென்படவில்லை. நான்காம் நாள் மாலை ஒரு கூட்டம் 400 கஜத்துக்கு அப்பால், குறுக்கே காற்று. மேக்னம் வைத்திருந்த நண்பர் "சுடு" என்றாராம். இவர் சுடவில்லை. அன்றிரவு போனில் இதை அவர் சொன்னபோது, பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த மகள் கத்தியை வைத்துவிட்டு முழுவதும் கேட்டாள்.

மறுநாள் விடிந்து சிறிது நேரத்தில், 140 கஜம், பக்கவாட்டில் நின்ற பெண் எல்க். முன்கால் ஓரமாக மேலே போய், உடம்பின் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வைத்தார். நாற்பது அடி நடந்து படுத்துவிட்டதாம். ஒரே குண்டு, இரண்டு நுரையீரலும்.

அறுத்த கறியை முதுகில் கட்டி வண்டி நிற்கும் இடம் வரை நான்கு நடை. வீடு வந்தவர் இரண்டு நாள் மாடிப்படி ஏற முடியாமல் உட்கார்ந்தே நகர்ந்தார். ரைஃபிளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, அடுத்த வருடத்துக்கு நல்ல பூட்ஸ் வேண்டும் என்கிறார். மகள் தொடைக்கறியில் மிளகு போட்டு வறுத்தாள். ஆட்டுக்கறியைவிடச் சீக்கிரம் வெந்துவிடுகிறது, கொழுப்பே இல்லாததால் நல்லெண்ணெய் கொஞ்சம் கூடுதலாக ஊற்ற வேண்டியிருக்கிறது.