ஒன்பதாவது வளைவில் குளிர் ஜுரம்!

ஆழியாறு தாண்டியதும் வால்பாறை மலைப்பாதை ஆரம்பம். மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவதில் அநேகமாக எல்லா வண்டியும் நிற்கும். அங்கேதான் லோம்ஸ் வியூ பாயின்ட். கீழே அணை, மேலே மேகம், அதிர்ஷ்டம் இருந்தால் பாறையில் வரையாடு!

எங்கள் ஆபீஸ் கோஷ்டியும் நின்றது. ஆனால் வரையாட்டுக்காக இல்லை. எட்டாவது வளைவிலேயே நண்பரின் பெட்ரோல் கார் உதற ஆரம்பித்துவிட்டது. ஏற்றத்தில் இழுவையே இல்லை. டாஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு கண் சிமிட்டியது. மணி நாலரை. பாக்கி 31 வளைவு. இருட்டினால் யானை நடமாடுகிற ரோடு வேறு.

"மெதுவா உருட்டிட்டுப் போயிடலாம்ப்பா" என்றார் பின் ஸீட் நிபுணர். (எல்லாக் காரிலும் ஒருத்தர் உண்டு!)

கூடவே கூடாது. அந்த விளக்கு நிலையாக எரிந்து, வண்டியும் ஒழுங்காக ஓடினால், நிதானமாக மெக்கானிக்கிடம் போகலாம். கண் சிமிட்டி, வண்டியும் உதறினால் ஓரங்கட்டிவிட வேண்டும். ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. பல்லக்குத் தூக்கும் நாலு பேரில் ஒருத்தர் நைஸாகத் தோளை விலக்கிக்கொண்டால் எப்படி ஆடும், அந்த ஆட்டம்தான் இது. எரியாத பெட்ரோல் புகைக் குழாயில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதையே உருக்கிவிடும். பிளக் விலை எங்கே, கன்வெர்ட்டர் விலை எங்கே!

மலையிலிருந்து இறங்கி வந்த எஸ்டேட் ஜீப் ஒன்று நின்றது. டிரைவர் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"நேத்துத் தண்ணி அடிச்சீங்களா தம்பி?"

நண்பர் வெலவெலத்துவிட்டார். "ஐயோ, சத்தியமா இல்லீங்க!"

"உங்களைக் கேக்கலீங்க, எஞ்சினுக்கு!"

அடித்திருந்தார். டூருக்காகப் பளபளவென்று வாட்டர் சர்வீஸ்! எஞ்சினை ஆறவிட்டு, இக்னிஷன் காயில்களை ஒவ்வொன்றாக உருவினார் டிரைவர். மூணாவது பிளக் குழியில் தண்ணீர் தேங்கியிருந்தது. பழைய துணியால் ஒற்றியெடுத்து, காயிலையும் துடைத்து மாட்டினார். ஸ்டார்ட் செய்தால்... உதறலைக் காணோம்! விளக்கு மட்டும் சிமிட்டாமல் எரிந்தது.

"அது உடனே போகாதுங்க. கொஞ்சம் ஓடுனா தானா அணைஞ்சுரும். மறுபடி உதறுச்சுன்னா, மூணாவது காயிலை ரெண்டாவதுல மாத்திப் போட்டுப் பாருங்க. கோளாறும் கூடவே ரெண்டாவதுக்குப் போச்சுன்னா காயில்தான் அவுட்டு. மூணாவதுலயே நின்னா பிளக்கையோ இன்ஜெக்டரையோ பாக்கோணும்."

டவுன் மெக்கானிக்கின் ஸ்கேனர் சொல்வதும் கிட்டத்தட்ட இதையேதான். பி 0303 என்று வந்தால் மூணாவது சிலிண்டர். காயில் இடம் மாறியதும் பி 0302 ஆனால் திருடன் அந்தக் காயில்தான்.

காசு நீட்டினோம். வாங்கவில்லை.

"போற வழியில கொரங்குக்கு மட்டும் எதையும் வீசாதீங்க" என்றபடி ஜீப்பைக் கிளப்பினார்.