விரல் எங்கே போயிற்று?

"பெருவியாதி வந்தால் விரல் உதிர்ந்து விழுந்துவிடும்" என்று பாட்டி சொல்லக் கேட்காதவர்கள் நம்மில் யார்? அப்படி உதிர்ந்து விழுந்த விரலை யாராவது கண்ணால் பார்த்திருக்கிறார்களா என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. செங்கற்பட்டை அடுத்த திருமணியில் தொழுநோயாளிகளுக்கென்றே ஒரு பெரிய ஆஸ்பத்திரி உண்டு. லேடி வில்லிங்டன் பெயரில் இருந்த அந்த இடத்தை 1955-இல் இந்திய சர்க்கார் ஏற்று, பயிற்சிக்கும் ஆராய்ச்சிக்குமான மத்திய நிலையமாக ஆக்கியது. தொழுநோயோடு பழகிய டாக்டர்களைக் கேட்டுப் பாருங்கள். "விரல் விழுவதில்லை, உள்ளே இருக்கும் எலும்பு கரைந்து போகிறது" என்றுதான் சொல்வார்கள். விரல் குட்டையாகிவிட்ட பிறகும் அதன் நுனியில் சின்னதாக நகம் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பலரிடம் பார்க்கலாம். நுனி விழுந்திருந்தால் நகமும் அதோடு போயிருக்க வேண்டும் அல்லவா?

எலும்பு கரையுமா? கல்லைப் போல் இருக்கிறதே!

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் ஏறினால் மாமல்லபுரம். அங்கே போகிறவர்கள் ரதங்களையும் கடற்கரைக் கோவிலையும் பார்த்துவிட்டுச் சுண்டலோடு திரும்பிவிடுவார்கள். எனக்கு அரைகுறையாய் நின்றுபோன குகைகளின் மேல்தான் ஆசை. பாறையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கோடுகளை ஆழமாக வெட்டி, நடுவில் துருத்தி நிற்பதைக் கொத்தி எடுத்திருக்கிறார்கள். பல்லவர் காலத்து உளியின் தடம் அப்படியே தெரிகிறது.

நம் எலும்புக்குள்ளும் இதே வேலை இரவு பகலாக நடக்கிறது. ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற பெரிய உயிரணுக்கள்தாம் உளிக்காரர்கள். இரத்த அணுக்களின் வம்சத்தில் வந்தவை. பல அணுக்கள் ஒன்றுகூடி ஒன்றானவை. எலும்பின்மேல் அட்டையைப் போல் ஒட்டிக்கொண்டு, அடியில் அமிலத்தைச் சுரந்து சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கின்றன. பிறகு நொதிகளைக் கொண்டு மிச்சமுள்ள நாரையும் தின்றுவிடுகின்றன. அவை நகர்ந்ததும் ஆஸ்டியோபிளாஸ்ட் என்ற கொத்தனார்கள் வந்து பள்ளத்தைப் பூசி அடைக்கிறார்கள். கொத்தி எடுக்கச் சில வாரம் போதும். பூசி முடிக்க மூன்று நான்கு மாதம் ஆகும். இடிப்பது சுலபம், கட்டுவது கஷ்டம் என்பது வீடு கட்டியவர்களுக்குத் தெரியாதா?

இந்த இடிப்பு வேண்டாத வேலை என்று நினைத்துவிடாதீர்கள். உடம்பிலுள்ள கால்ஷியத்தில் நூற்றுக்கு 99 பங்கு எலும்பில்தான் இருக்கிறது. இரத்தத்தில் அது குறைந்தால், கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி உத்தரவு போட, பெட்டியைத் திறந்து எடுப்பது போல எலும்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது உடம்பு. உளிக்காரர்களை அடக்கி வைக்கும் எஜமானி ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன். மாதவிலக்கு நின்றதும் அவள் பிடி தளர்கிறது. நம் அம்மாமார்களுக்கு முதுகு கூனுவதும், வழுக்கி விழுந்தால் இடுப்பு எலும்பு முறிவதும் பெரும்பாலும் இதனால்தான்.

தொழுநோயில் நடப்பது என்ன? அதன் கிருமி நரம்புகளைத் தாக்குகிறது. விரலில் உணர்ச்சி போய்விடுகிறது. கொதிக்கும் பாத்திரத்தைத் துணியில்லாமல் இறக்கினால் நமக்குச் சுரீரென்கிறது, கையை விட்டுவிடுகிறோம். அவர்களுக்குச் சுடுவதே தெரிவதில்லை. அடுப்பங்கரையில் தினம் ஒரு கொப்புளம், கொப்புளம் புண்ணாகிறது, புண் சீழ் வைத்து எலும்பை எட்டுகிறது. சீழும் வீக்கமும் உள்ள இடத்தில் உளிக்காரர்களுக்கு ஓயாத அழைப்பு. கொத்தனார்களுக்கோ வேலையே ஓடுவதில்லை. வலி தெரியாததால் கைக்கு ஓய்வும் கிடையாது. எலும்பு நுனியிலிருந்து, சீவிய பென்சிலைப் போலக் கூராகித் தேய்ந்துகொண்டே வருகிறது.

1947-இல் வேலூர் மருத்துவக் கல்லூரியின் டாக்டர் பால் பிராண்ட், டாக்டர் காக்ரேனின் அழைப்பின் பேரில் செங்கற்பட்டுக்கு வந்தார். மடங்கிப்போன கையுடைய நோயாளி ஒருவரிடம், "என் கையை அழுத்திப் பிடியுங்கள்" என்றாராம். அந்தப் பிடியில் டாக்டருக்கே கை வலித்துவிட்டது! பிடிக்கும் சதை நன்றாக இருக்கிறது என்று கண்டுகொண்ட அவர், பின்னால் வேலூரில் தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து, மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். விரலை அழிப்பது நோய் அல்ல, வலி இல்லாமையே என்று உலகத்துக்கு எடுத்துச் சொன்னவரும் அவரே.

எங்கள் தெருவில் பூ விற்கும் அம்மாளுக்கு இரண்டு விரல்கள் குட்டை. சிகிச்சை முடிந்து பல வருஷம் ஆயிற்று. போன ஆடியில் ஒரு வீட்டில், "இனிமேல் உன் பூ வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். அந்த அம்மாள் ஒன்றும் பேசவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு, கையை முந்தானைக்குள் மறைத்தபடி போனாள்.

சகோதரிகளே, அந்தக் குட்டை விரல் பழைய காயத்தின் தழும்பு. அதிலிருந்து யாருக்கும் எதுவும் ஒட்டாது. கூட்டு மருந்தை ஆறு மாதமோ ஒரு வருஷமோ சாப்பிட்டால் நோய் குணமாகிறது. ஆரம்பித்த சீக்கிரத்திலேயே பிறருக்குத் தொற்றும் தன்மையும் போய்விடுகிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து இனாம். 1898-ஆம் வருஷத்துத் தொழுநோயாளர் சட்டத்தை 2016-இல் எடுத்தார்கள். மனைவிக்கோ கணவனுக்கோ இந்த நோய் என்று சொல்லி விவாகரத்து கேட்கும் வழியை 2019-இல் அடைத்தார்கள். சட்டப் புத்தகத்திலிருந்து போனது, நம் வாசற்படியிலிருந்து போக வேண்டாமா?

நோய் தீர்ந்துவிடவில்லை. 2022-இல் இந்தியாவில் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். ஆகவே வீட்டில் யாருக்காவது தோலில் வெளிறிய அல்லது சிவந்த படை இருந்து, அந்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி இல்லையென்றால், மறைக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். நரம்பு கெடுவதற்கு முன் மருந்து கிடைத்துவிட்டால் விரலும் பிழைக்கும். உணர்ச்சி போனவர்கள் வீட்டில் இருந்தால், பாத்திரம் இறக்கத் தடித்த துணி கொடுங்கள். தினமும் இரவில் அவர்கள் கையையும் காலையும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். அவர்களுக்குத் தெரியாத காயம் உங்கள் கண்ணுக்குத் தெரியும்.

கரைந்த எலும்பு திரும்ப வளராது. மிஞ்சியதைக் காப்பாற்றலாம். நாளைக் காலையில் அந்த அம்மாள் வந்தால், பூவைக் கைநீட்டி வாங்கிக்கொள்ளவும் செய்யலாம்.