ஆசீர்வாதம் அந்தரத்தில்

'டிரான்ஸ்கோடிங்' என்ற வார்த்தையைப் பார்த்ததும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். தேர்தல் சமயத்தில் டெல்லித் தலைவர் ஒருவர் மேடையேறி இந்தியில் பேசுவார். பக்கத்து மைக்கில் நம்மூர்க்காரர் ஒருவர் நின்றுகொண்டு வாக்கியத்துக்கு வாக்கியம் தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். அவர் செய்வதுதான் டிரான்ஸ்கோடிங். ஒரு மொழியில் இருக்கும் வீடியோவை, எதிரே இருக்கும் டி.வி.க்குப் புரிகிற மொழியில் ஓட ஓட மாற்றித் தருவது.

மொழிபெயர்ப்பாளர் மெதுவானவராக இருந்தால்? தலைவர் மூன்றாவது வாக்குறுதிக்குப் போயிருப்பார். இவர் முதல் வாக்குறுதியிலேயே திக்கிக்கொண்டிருப்பார். கூட்டம் வேர்க்கடலை வாங்கக் கிளம்பிவிடும்.

அந்தத் திக்கல்தான் எங்கள் குடும்பத்தை ஒரு மாதம் ஆட்டி வைத்தது.

கடலூர் திருப்பாப்புலியூரில் எங்கள் வீடு. டி.வி. ஸ்டாண்டுக்குக் கீழே ஒரு பழைய கம்ப்யூட்டர் இருபத்து நாலு மணி நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். இன்டெல் ஐ3, ஏழாவது தலைமுறை. ஏதோ ஓர் ஆபீசில் ரிட்டயர் ஆகி எங்களிடம் வந்து சேர்ந்தது. அதில் லினக்ஸ், அதற்குள் ஜெல்லிஃபின் என்ற இலவச நிரல். குடும்பத்தின் கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் அத்தனையும் அதன் வயிற்றில் இருக்கிறது. சொந்தக்காரர்கள் எந்த ஊரிலிருந்தும் திறந்து பார்க்கலாம்.

ஜெல்லிஃபினுக்கு ஒரு பூர்வகதை உண்டு. எம்பி என்ற நிரல் தன் மூலக் குறியீட்டை ஊருக்குக் காட்டாமல் மூடிக்கொண்டபோது, கோபித்துக்கொண்டு 2018 டிசம்பரில் தனிக்குடித்தனம் வந்தவர்கள் ஆரம்பித்தது இது. ப்ளெக்ஸ் என்று இன்னொன்றும் உண்டு. அதில் கிராஃபிக்ஸ் சிப்பை மொழிபெயர்க்க விட வேண்டுமானால் காசு கட்ட வேண்டும். ஜெல்லிஃபின் காசு கேட்காது. பதிலுக்கு நம் ராத்திரித் தூக்கத்தை எடுத்துக்கொள்ளும்.

'இதெல்லாம் எதுக்கு சார், பேசாம யூடியூப் பார்க்கலாமே' என்பீர்கள். காரணம், தானே புயல்.

2011 டிசம்பர் 30 காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே அது கரையேறியது. எங்கள் வீட்டு ஓடுகள் பறந்தன. பீரோ மேலே அட்டைப் பெட்டியில் இருந்த வீடியோ கேசட்டுகள் நனைந்து ஊறின. கரண்ட் திரும்பி வந்து, வீட்டை ஒழுங்கு பண்ணி, பெட்டியைத் திறந்து பார்த்தபோது டேப் முழுக்கப் பூஞ்சணம். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தியில் ஓடியாடின காலம் மொத்தமும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. அன்றிலிருந்து வீட்டுச் சட்டம்: எந்த விசேஷ வீடியோவும் இரண்டு டிஸ்க்கில் இருக்க வேண்டும்.

மாமா என்றால் என் அத்தையின் கணவர். சிதம்பரம் கீழ வீதிப் பக்கம் வீடு. 2021-ல் போய்விட்டார். அதற்குப் பிறகு அத்தை ஒரு நாள் வழுக்கி விழுந்து, இடுப்பில் ஆபரேஷன் ஆகி, கட்டிலும் நாற்காலியுமாக இருக்கிறாள். கோயிலுக்கு நடந்துபோன பொழுதெல்லாம் இப்போது டி.வி.க்கு முன்னால் போகிறது. அத்தை கேட்பது சீரியல் இல்லை.

"உங்க மாமாவோட எண்பதாம் கல்யாணத்தைப் போடுடா."

2019-ல் திருக்கடையூரில் நடந்த சதாபிஷேகம் அது. அறுபதுக்கும் எண்பதுக்கும் ஜனங்கள் அங்கேதானே போவார்கள்? வீடியோ எடுத்தவர் தொழில் தெரிந்தவர். 4கே, வினாடிக்கு 50 ஃபிரேம், 10 பிட் நிறம். மாமாவின் காது முடியைக்கூட எண்ணிவிடலாம். எல்லாம் ஹெச்.இ.வி.சி. என்ற முறையில் சுருக்கி மடிக்கப்பட்டிருந்தது. இந்த முறை 2013-ல் வந்தது. அதற்கு அண்ணன், 2003-ல் வந்த ஹெச்.264. அதே தரத்துக்குத் தம்பி கிட்டத்தட்டப் பாதி இடம்தான் எடுப்பான். ஆனால் அவன் பேசுவது பழைய மெஷின்களுக்குப் புரியாது.

அத்தை வீட்டு டி.வி.யில் மாட்டியிருந்தது, பேத்தி பிளஸ் டூ படிக்கும்போது கிடைத்த இலவச லேப்டாப். நன்றாக உழைத்த மெஷின், பாவம். வயசாகிவிட்டது. அண்ணன் பேச்சு மட்டும்தான் அதற்குப் புரியும். ஆகவே கடலூர் கம்ப்யூட்டர் மொழிபெயர்த்து, இன்டர்நெட் வழியாக நாற்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சிதம்பரத்துக்கு அனுப்ப வேண்டும்.

முதல் நாள் சாயங்காலம். மாலை மாற்றியாயிற்று. கலசத் தண்ணீர் ஊற்றியாயிற்று. பேரன் காலில் விழுகிறான். மாமா ஆசீர்வாதம் பண்ண வலது கையைத் தூக்குகிறார். தூக்கினவர் தூக்கினபடியே நிற்கிறார். திரையில் வட்டம் சுற்றுகிறது.

போனில் அத்தையின் குரல். "ஏன்டா, இவ்ளோ நேரம் கையைத் தூக்கிட்டே நிக்கிறாரே, வலிக்காதா அவருக்கு?"

சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை.

இனி வைத்தியம். ஜெல்லிஃபின் பின்னால் இருந்து நிஜ வேலை செய்வது எஃப்எஃப்எம்பெக் என்ற நிரல். அது எழுதும் குறிப்பேட்டில் 'ஸ்பீட்' என்று ஓர் எண் வரும். 1 என்றால் படம் ஓடுகிற வேகத்துக்கு மாற்றுகிறது என்று அர்த்தம். அதற்குக் கீழே போனால் திக்கல். எங்கள் வீட்டில் 0.35. பத்து நிமிஷப் படத்தை மாற்ற அரை மணி! சி.பி.யு.வோ நூறு சதவீதத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. எல்லா வேலையையும் தலையில் சுமக்கும் மூத்த மருமகள் மாதிரி.

"ஒரே தடவை மாத்தி வச்சுட்டா முடிஞ்சுதே மாப்ளே?" என்றார் அத்தான். அத்தையின் பிள்ளை. சிதம்பரத்தில் ஒரு வங்கியில் வேலை.

நியாயமான கேள்வி. ஒரு படம் என்றால் அதுதான் சரி. ஆனால் மாமா எல்லார் வீட்டு விசேஷத்திலும் இருக்கிறார். அத்தைக்கு இன்றைக்குச் சதாபிஷேகம் வேண்டும். நாளைக்குச் சின்னவள் வளைகாப்பு. இப்படி அறுபது மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் இன்னொரு பிரதி போட டிஸ்க்கில் இடம் இல்லை.

"அப்ப கிராஃபிக்ஸ் கார்டு போட்டுடலாம்" என்றார் அத்தான். சனிக்கிழமை சென்னைக்குப் போனவர், ரிச்சி தெருவில் ஒரு கடையில் பழைய ஜிடி 1030 கார்டு ஒன்று வாங்கி வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பி.முட்லூர், புதுச்சத்திரம் வழியாக பஸ்ஸில் கடலூர் வந்தார். ஒரு கையில் கார்டு, இன்னொரு கையில் சம்பா சாதமும் கொத்சும். இரண்டில் எது உபயோகமாக இருந்தது என்பது பிறகு.

கார்டைச் செருகினோம். டிரைவர் போட்டோம். ஜெல்லிஃபினில் என்விடியா முறையைத் தேர்ந்தெடுத்துப் படத்தைத் தட்டினால், திக்கல்கூட இல்லை. படமே இல்லை. குறிப்பேட்டில் ஒரு வரி. 'தகுதியுள்ள சாதனம் எதுவும் காணவில்லை' என்று அர்த்தம்.

"கண்ணெதிரே சுத்திட்டு இருக்கு, காணோம்னு சொல்லுதே!" அத்தான் கார்டைத் தட்டிப் பார்த்தார். அந்தக் காலத்தில் வாடகை டெக்கில் படம் அலை அடித்தால் பக்கவாட்டில் ஓர் அடி கொடுப்பார்கள், ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஹெட்டைத் துடைப்பார்கள். அந்தத் தலைமுறை.

விஷயம் இதுதான். மொழிபெயர்ப்பாளருக்குக் காதும் வேண்டும், வாயும் வேண்டும். வந்த வீடியோவை விரித்துப் படிப்பது காது. புது முறையில் மடித்துத் தருவது வாய். கிராஃபிக்ஸ் சிப்பில் இரண்டும் தனித்தனி உறுப்புகள். ஜிடி 1030-ல் காது பிரமாதம். ஹெச்.இ.வி.சி. நன்றாகவே கேட்கும். ஆனால் வாய் கிடையாது. கம்பெனி இதை ஒளித்து வைக்கவில்லை. எந்தக் கார்டுக்கு எது உண்டு, எது இல்லை என்று தானே ஒரு பட்டியல் போட்டிருக்கிறது. பட்டியல் ரிச்சி தெருவில் தொங்குவதில்லை, அவ்வளவுதான்.

காதை மட்டும் கார்டுக்குக் கொடுத்து, வாயைச் சி.பி.யு.விடமே விட்டுப் பார்த்தோம். 0.35 என்பது 0.9 ஆயிற்று. இப்போது மாமா கையைத் தூக்கினார், பாதி இறக்கினார், நின்றார்.

"சரி, பெரிய கார்டா பார்க்கட்டுமா?" அத்தான் பர்ஸைத் தொட்டார்.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்களே, அந்தக் கட்டத்தில் இருந்தோம். இன்டெல் சிப்புகளுக்குள்ளேயே வீடியோ மாற்றுவதற்கென்று ஒரு பகுதி 2011-லிருந்து உண்டு. குவிக் சிங்க் என்று பெயர். ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு மொழி கூடிக்கொண்டே வந்தது. ஆறாவது தலைமுறையில் ஹெச்.இ.வி.சி. 8 பிட். ஏழாவதில் 10 பிட். எங்கள் ரிட்டயர்டு ஐ3 ஏழாவது தலைமுறை! மாமாவின் சதாபிஷேகத்துக்கு என்ன தேவையோ, அது அத்தனையும் அதற்குள்ளேயே இருந்தது.

பிறகு ஏன் கண்ணில் படவில்லை? நிறைய மதர்போர்டுகளில், தனியாக ஒரு கார்டைச் செருகினால் உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸ் தானாக அணைந்துவிடும். வெளியாள் வந்ததும் வீட்டாள் வாய் திறக்காத மாதிரி. பயாஸில் போய் மாற்றலாம். கார்டால் உபயோகம் இல்லை என்று தெரிந்த பிறகு, கழற்றிவிடுவதே சுலபம். கழற்றினோம். லினக்ஸில் டெவ் என்ற ஃபோல்டருக்குள் டி.ஆர்.ஐ. என்று ஒன்று உண்டு. அதில் 'ரெண்டர் டி 128' என்ற பெயர் முளைத்தது. அதுதான் வீட்டாள்.

இன்னும் ஒரு கதவு பாக்கி. ஜெல்லிஃபினை டாக்கர் என்ற பெட்டிக்குள் வைத்து ஓட்டினால், வெளியே என்ன இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. அந்த ரெண்டர் சாதனத்தை உள்ளே எடுத்துக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் மட்டும் போதாது. அதைத் தொட உரிமையுள்ள குழுவின் எண்ணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் 'அனுமதி இல்லை' என்று ஒரே பல்லவி. சர்க்கார் ஆபீஸ் மாதிரிதான். ஃபைல் மேஜையில் இருந்தாலும் கையெழுத்துப் போடும் அதிகாரம் வேறே.

இரண்டு வரி சேர்த்து, நிறுத்தி, மறுபடி ஓடவிட்டோம். ஸ்பீட் 1.8. சி.பி.யு. இருபது சதவீதத்தில் ஹாயாக இருந்தது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி திக்கினால், கடைக்கு ஓடும் முன் வரிசையாகப் பாருங்கள். முதலில், மொழிபெயர்ப்பு நிஜமாகவே நடக்கிறதா, ஏன் நடக்கிறது? ஜெல்லிஃபின் டாஷ்போர்டே காரணம் சொல்லும். சில சமயம் வீடியோவில் குற்றமே இருக்காது. படமாக வரும் சப்டைட்டிலைக் காட்சி மேல் ஒட்டுவதற்காக முழுப் படத்தையும் மாற்றிக்கொண்டிருக்கும். சப்டைட்டிலை அணைத்தால் தீர்ந்தது. இரண்டாவது, அந்த ஸ்பீட் எண். மூன்றாவது, உங்கள் சிப்புக்குக் காது எது, வாய் எது என்ற பட்டியல். நான்காவது, சாதனம் கண்ணுக்குத் தெரிகிறதா? ஐந்தாவது, தொட அனுமதி உண்டா? காசு செலவழிப்பது ஆறாவது.

அத்தானின் கார்டை வேறு கம்ப்யூட்டரில் மாட்டியாயிற்று. மானிட்டரில் படம் காட்ட அது தாராளம். கொத்சு பற்றிச் சந்தேகமே இல்லை. அதுதான் உபயோகமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை சிதம்பரம் போயிருந்தேன். அத்தை நாற்காலியில் சாய்ந்திருந்தாள். சதாபிஷேகம் ஓடிக்கொண்டிருந்தது. மாமா கையைத் தூக்கினார், பேரன் தலையில் வைத்தார், எடுத்தார். அத்தை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "தள்ளு, தள்ளு, பந்திக்குப் போ" என்றாள்.

பந்தி. ஓரத்து இலையில் மாமா. பாயசம் பரிமாறுகிறவன் கடந்து போகிறான். மாமா இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை. பிறகு மெல்ல டம்ளரை நீட்டுகிறார்.

அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நிறுத்து, நிறுத்து. பார்த்தியாடா? சுகர் இருநூத்தைம்பது. நான் அந்தாண்ட சம்பந்தி வீட்டுக்காரங்ககிட்டப் பேசிட்டு இருந்தேன். ரெண்டாவது டம்ளர் வாங்கறார் பாரு!"

"இப்பப் போய் என்ன பண்ண முடியும் அத்தே?"

"ஒண்ணும் பண்ண வேணாம்" என்றாள் அத்தை. முகமெல்லாம் சிரிப்பு. "இன்னொரு தடவை போடு."