பேட்டரியிலும் உண்டு அளவை மோசடி

 

அளவையிலும் நிறுவையிலும் குறைவு செய்வோரைக் கண்டித்துத் தொடங்கும் திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம், அவர்களுடைய பெயரையே தன் பெயராகக் கொண்டிருக்கிறது. 'அல்முதஃப்பிஃபீன்' என்னும் அந்த அத்தியாயத்தை மதரஸாவில் நடத்தும்போதெல்லாம் பிள்ளைகளின் மனத்தில் முதலில் தோன்றுவது அரிசிக்கடைப் படியும் கறிக்கடைத் தராசும்தான். அது தவறன்று. ஆயினும் இன்று நாம் வாங்கும் பொருள்கள் பலவற்றின் அளவைக் கண்ணால் காண இயலாது. உறையின்மீது அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பியே காசு கொடுக்கிறோம். அந்த எண்ணும் ஓர் அளவைதான் என்பதை அண்மையில் மிகச் சாதாரணமான ஒரு பொருள் எனக்குத் தெளிவாகக் காட்டியது. டிஜிட்டல் கேமராவுக்கு வாங்கும் சார்ஜ் பேட்டரியே அது.

கேமரா எதற்கு?

எங்கள் மதரஸாவில் கேனான் பவர்ஷாட் ஏ590 கேமரா ஒன்று உண்டு. 2008இல் வெளிவந்த வகை. 'பென்சில் பேட்டரி' என்று நாம் அழைக்கும் ஏஏ அளவுப் பேட்டரிகள் இரண்டைக் கொண்டு இயங்குவது. உயிருள்ளவற்றைப் படமெடுப்பது குறித்து உலமாக்களிடையே நிலவும் கருத்து வேறுபாட்டுக்குள் நான் இங்கே செல்லவில்லை. எங்கள் கேமரா பெரும்பாலும் ஏடுகளையே படமெடுக்கிறது. பிழைப்புக்காகப் பல மாவட்டங்களிலிருந்து அருள்புரம் வந்து குடியேறிய குடும்பங்கள் சிலவற்றில், பாட்டனார் காலத்து அரபுத்தமிழ்க் கிதாபுகள் இன்னும் பெட்டிகளுக்குள் உறங்குகின்றன. தமிழை அரபி எழுத்தில் எழுதிய அந்த நூல்களின் தாள் தொட்டால் உதிர்கிறது. உதிர்ந்து போவதற்கு முன் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைக்க நிர்வாகத்தார் முடிவு செய்தார்கள். அதற்கான பேட்டரிகளை வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. செலவாகப்போவது ஜமாஅத்தார் கொடுத்த நன்கொடைப் பணம். அமானிதப் பணத்தில் நான்கு பேட்டரி வாங்கினாலும் அதற்குக் கணக்குச் சொல்லும் கடமை உண்டல்லவா? ஆகவே சற்று விசாரித்து வாங்க முற்பட்டேன்.

வோல்ட் குறைவு, உழைப்பு அதிகம்

கடைகளில் கிடைக்கும் சாதாரண அல்கலைன் பேட்டரியின் மின்னழுத்தம் 1.5 வோல்ட். சார்ஜ் செய்து பயன்படுத்தும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியின் மின்னழுத்தம் 1.2 வோல்ட் மட்டுமே. எண்ணை மட்டும் பார்த்தால் முன்னதே மேலானது என்று தோன்றும். ஆனால் கேமரா சுவர்க்கடிகாரம் போன்றதன்று. லென்ஸ் நீளும்போதும், ஃபிளாஷ் விளக்கு தயாராகும்போதும் திடீரென்று மிகுந்த மின்சாரத்தைக் கேட்கிறது. அவ்வாறு கேட்கும்போது அல்கலைன் பேட்டரியின் அழுத்தம் சட்டென்று இறங்கிவிடுகிறது. கேமராவோ பேட்டரி தீர்ந்துவிட்டது என்று கருதி அணைந்துவிடுகிறது. அதே பேட்டரியை எடுத்துக் கடிகாரத்தில் போட்டால் மாதக்கணக்கில் ஓடும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி அப்படியன்று. ஏறத்தாழ இறுதிவரை 1.2 வோல்ட்டை ஒட்டியே நின்று, கேட்கும் வேகத்தில் மின்சாரத்தைத் தருகிறது.

இந்தக் கேமராவுக்குக் கேனான் நிறுவனம் தந்துள்ள கணக்கும் இதையே உறுதி செய்கிறது. இரண்டு அல்கலைன் பேட்டரிகளில் ஏறத்தாழ 200 படங்கள். சார்ஜ் பேட்டரிகளில் ஒரு முறை சார்ஜ் செய்தால் ஏறத்தாழ 500 படங்கள். பக்கத்துக்கு ஒரு படம் வீதம் 400 பக்கமுள்ள ஒரு கிதாபைப் படமெடுக்க நான்கு அல்கலைன் பேட்டரிகள் குப்பைக்குப் போகும். சார்ஜ் பேட்டரியில் அது ஒரே சார்ஜில் முடிந்துவிடும். அடுத்த கிதாபுக்கும் அதே இரண்டு பேட்டரிகள்தாம். வீண்விரயத்தைத் திருக்குர்ஆனின் 17ஆம் அத்தியாயம் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறது என்பதை அறிந்த நமக்கு, இந்த முதல் தேர்வில் தயக்கம் இருக்க வேண்டியதில்லை.

பெரிய எண்ணா, நீண்ட ஆயுளா?

அடுத்த கேள்வி, சார்ஜ் பேட்டரிகளுக்குள் எது என்பது. பேட்டரியின் கொள்ளளவை எம்.ஏ.எச். என்னும் மில்லியாம்ப் மணிக் கணக்கில் எழுதுகிறார்கள். 2,000 எம்.ஏ.எச். என்றால் 200 மில்லியாம்ப் மின்சாரத்தை ஏறத்தாழ 10 மணி நேரம் தரக்கூடியது என்று பொருள்.

இவ்வகைப் பேட்டரிகளில் பழையவற்றுக்கு ஒரு குறை இருந்தது. பயன்படுத்தாமல் வைத்திருந்தாலே சில வாரங்களில் சார்ஜ் பெருமளவு வடிந்துவிடும். 2005ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானின் சான்யோ நிறுவனம் 'எனலூப்' என்ற பெயரில் வெளியிட்ட பேட்டரி இக்குறையைப் பெரிதும் நீக்கியது. ஓராண்டு சும்மா வைத்திருந்தாலும் சார்ஜின் பெரும்பகுதி அதில் மிஞ்சியிருக்கும். பின்னர் சான்யோ பானசோனிக்கின் கைக்குச் சென்றது. இன்று அப்பேட்டரி பானசோனிக்கின் பெயரில் விற்பனையாகிறது. வேறு நிறுவனங்களும் இதே வகையில் தயாரிக்கின்றன. எங்களைப் போல் ஒரு மாதம் முழுவதும் எடுத்துவிட்டு அடுத்த இரண்டு மாதம் கேமராவைத் தொடாமல் வைத்திருப்போருக்கு, கொள்ளளவைவிட இந்தக் குணமே முக்கியமானது.

எனலூப்பிலேயே இரண்டு தரங்கள் உண்டு. ஒன்று 2,000 எம்.ஏ.எச். கொண்டது, அதனை 2,100 முறை வரை சார்ஜ் செய்யலாம் என்று நிறுவனத்தார் கூறுகின்றனர். 'புரோ' என்னும் மற்றொன்று 2,500 எம்.ஏ.எச். கொண்டது, அதற்கு அவர்களே கூறும் கணக்கு 500 முறை மட்டுமே. ஒரே அளவுக் கூட்டுக்குள் அதிகப் பொருளைத் திணித்தால் ஆயுள் குறைகிறது. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான படங்களை ஃபிளாஷுடன் எடுக்க வேண்டிய நிக்காஹ் வீட்டுப் புகைப்படக்காரருக்கு இரண்டாவது பொருந்தும். இடையில் நிறுத்தி சார்ஜ் செய்துகொள்ள வசதியுள்ள எங்களுக்கு முதலாவதே போதும். பெரிய எண்ணைக் கண்டு கூடுதல் விலை கொடுப்பது எல்லோருக்கும் நன்மையாகாது.

எண் பொய் சொல்லும், எடை சொல்லாது

இதுவரை சொன்னவை, எழுதிய எண்ணுக்கு உண்மையாக இருக்கும் பேட்டரிகளைப் பற்றியவை. கடைவீதியிலோ, இவற்றைவிடக் குறைந்த விலையில், இருமடங்கு எண்ணை உறையில் தாங்கிய பேட்டரிகளும் இருந்தன. அவற்றைக் கண்டபோது ஐயம் எழுந்தது. ஏஏ பேட்டரியின் நீளம் 50.5 மில்லிமீட்டர், குறுக்களவு 14.5 மில்லிமீட்டர். இந்தச் சிறு குழாய்க்குள் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு முறையில் அடைக்கக்கூடிய கொள்ளளவுக்கு ஓர் எல்லை உண்டு. நேர்மையான தயாரிப்பாளர்களின் மிகப்பெரிய பேட்டரிகளே 2,700, 2,800 என்ற அளவில் நின்றுவிடுகின்றன. அப்படியிருக்க, 3,000, 4,000 என்று எழுதப்பட்டவற்றை எவ்வாறு நம்புவது?

பின்னலாடை ஊரில் வாழும் நமக்கு இதைச் சோதிக்கும் வழி புதிதன்று. 180 ஜி.எஸ்.எம். என்று சொல்லி வரும் துணியைச் சொல்லை நம்பி யாரும் ஏற்பதில்லை. வட்டக் கட்டரால் 100 சதுர சென்டிமீட்டர் துண்டை வெட்டி, மின்தராசில் வைத்து, வரும் எடையை நூறால் பெருக்கிப் பார்க்கிறோம். 1.8 கிராம் இருந்தால் 180. குறைந்தால் சரக்கு திரும்பிப் போகும். பிள்ளையொருவரின் தந்தை வேலை பார்க்கும் நிட்டிங் கம்பெனியில் அதே தராசில் பேட்டரிகளை வைத்துப் பார்த்தோம். தரமான ஏஏ பேட்டரி ஏறத்தாழ 26 முதல் 30 கிராம் வரை இருக்கும். மிகப்பெரிய எண்ணைத் தாங்கியிருந்ததோ 20 கிராமைக்கூட எட்டவில்லை. உள்ளே பொருளே இல்லாதபோது கொள்ளளவு எங்கிருந்து வரும்? எடை சரியாக இருப்பதாலேயே தரமும் உறுதியாகிவிடாது என்பது உண்மை. ஆனால் எடை இவ்வளவு குறைந்தால் அந்த எண் பொய் என்பதில் ஐயமில்லை.

ஏஏ பேட்டரிக்கு மட்டும் உரிய தீங்கன்று இது. கேனான் 1500டி போன்ற கேமராக்களுக்கான லித்தியம் அயான் பேட்டரியின் உண்மையான கொள்ளளவு 860 எம்.ஏ.எச். அதே உருவத்தில் அதைவிட மிகப் பெரிய எண்ணுடன் மலிவாக வரும் மாற்றுப் பேட்டரிகளிலும் இதே எச்சரிக்கை தேவை.

"எண்ணை நான் எழுதவில்லையே, ஹஜ்ரத்!"

அந்தப் பேட்டரி என்னிடம் ஓதிய முன்னாள் மாணவர் ஒருவரின் கடையிலிருந்து வந்தது. செல்போன் உதிரிப்பொருள் கடை வைத்திருக்கும் நல்ல பிள்ளை, தொழுகையை விடாதவர். எடை விவரத்தை அவரிடம் சொன்னபோது அவர் சொன்ன மறுமொழி இதுதான்: "எண்ணை நான் எழுதவில்லையே, ஹஜ்ரத்! வந்த சரக்கை அப்படியே விற்கிறேன். வாங்க வருகிறவர்களும் பெரிய எண்ணைத்தான் கேட்கிறார்கள். நான் வைக்காவிட்டால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள்."

இந்த வாதத்தை நாம் எல்லோரும் எங்கேனும் கேட்டிருப்போம். நான் ஃபத்வா கொடுக்கும் முஃப்தி அல்லன். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியன். அவருக்கும் சிறு வயதில் சொல்லிக்கொடுத்த ஒரு ஹதீஸையே மீண்டும் நினைவூட்டினேன். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்து, ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான செய்தி அது. சந்தையில் குவித்திருந்த தானியத்துக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தென்பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வினவிய நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள்.

"தம்பி, அந்த மழையையும் அந்த வியாபாரி பெய்விக்கவில்லை. ஆனால் உள்ளே ஈரம் இருப்பது அவருக்குத் தெரியும். நேற்றுவரை உங்களுக்குத் தெரியாது, இன்று தெரிந்துவிட்டதே" என்றேன்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. அந்தச் சரக்கில் அவருடைய முதல் முடங்கியிருந்தது. மொத்த வியாபாரி திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். நட்டம் அவருக்குத்தான், அறிவுரை சொல்வதில் எனக்கு எந்தச் செலவும் இல்லை. அந்த வேறுபாட்டை உணர்ந்தே மேற்கொண்டு எதுவும் வற்புறுத்தாமல் வந்துவிட்டேன். சில நாள் கழித்து அவ்வழியே சென்றபோது, அப்பேட்டரிகள் தனியொரு டப்பாவில் பாதி விலைக்கு இருந்தன. 'ரிமோட்டுக்கு மட்டும். எழுதியுள்ள அளவு இராது' என்று ஓர் அட்டையில் எழுதி ஒட்டியிருந்தார். விற்பவரும் வாங்குபவரும் உண்மையைப் பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டு என்னும் கருத்தில் ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அந்தப் பரக்கத்தை அல்லாஹ் அவருக்கு வழங்குவானாக!

பராமரிப்பும் அமானிதமே

வாங்கிய பின் கவனிக்க வேண்டியவை சில. சேர்ந்து வாங்கிய பேட்டரிகளைச் சேர்த்தே பயன்படுத்துங்கள். பழையதும் புதியதும் கலந்தால், வலுவற்றது முதலில் தீர்ந்து கெட்டுப்போவதோடு கேமராவையும் நிறுத்திவிடும். ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியே கவனித்து, நிறைந்ததும் தானே நிறுத்திக்கொள்ளும் சார்ஜரை வாங்குங்கள். நேரக்கணக்கில் ஓடும் மலிவுச் சார்ஜர்கள் பேட்டரியைச் சூடேற்றி ஆயுளைக் குறைக்கின்றன. நிக்கான் கூல்பிக்ஸ் எல் வரிசை போன்ற கேமராக்களில் எந்த வகைப் பேட்டரி போட்டிருக்கிறோம் என்பதை மெனுவில் குறிப்பிட இடமுண்டு. அதைச் சரியாகக் குறிப்பிடாவிட்டால் மீதச் சார்ஜைத் தவறாகக் காட்டும். சாவி, சில்லறையோடு ஜிப்பா பையில் பேட்டரியைப் போடாதீர்கள். முனைகள் உரசிச் சூடேறக்கூடும்.

ஆயுள் முடிந்ததைக் குப்பைத்தொட்டியில் வீசிவிடவும் கூடாது. 2022 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரிகளை வீட்டுக் குப்பையோடு கலக்காமல் பிரித்துக் கொடுப்பது நுகர்வோரின் கடமை. திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் கடமை. கண்ணுக்கெட்டாத இடத்துக்குப் போன கழிவு என்ன செய்யும் என்பதை நொய்யல் ஆறு நமக்குக் கற்பித்திருக்கிறது. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது வேலையிழந்து நின்ற குடும்பங்கள் இன்றும் நம் ஜமாஅத்தில் இருக்கின்றன. சாயநீரைச் சுத்திகரிக்கும் பொதுநிலையம் நம் அருள்புரத்திலேயே இயங்குகிறது. நீருக்கும் மண்ணுக்கும் நாம் செய்வதன் கணக்கு நம்மிடமே திரும்பி வரும். மதரஸாவில் ஒரு மூடிபோட்ட டப்பா வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டுப் பழைய பேட்டரிகளையும் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பலாம்.

எங்கள் கேமராவுக்கு இறுதியில் 2,000 எம்.ஏ.எச். பேட்டரிகள் நான்கு வாங்கினோம். இரண்டு கேமராவில், இரண்டு சார்ஜரில். ரசீதோடு, தராசில் கண்ட எடைகளையும் நிர்வாகத்தின் கணக்கேட்டில் எழுதி வைத்திருக்கிறோம். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் கேட்கப்படும் நாள் ஒன்று இருக்கிறது.

அளப்பதிலும் நிறுப்பதிலும், எழுதுவதிலும் விற்பதிலும் நேர்மையோடு வாழும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.